அலுவலகக் கட்டடத்துக்கு விளக்கு அமைப்பது: வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியிலும் காட்பாடி ரோட்டிலும் கண்ணாடி முகப்போடு நாலு மாடி, ஆறு மாடி அலுவலகங்கள் எழும்ப ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் கேள்விகள் என்னைத் துரத்துகின்றன. கட்டட உரிமையாளர் கேட்பார், இன்ஜினியர் கேட்பார், அலுவலகம் திறந்து ஆறு மாதம் கழித்து அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவர் கேட்பார். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

லைட்டுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு சார்? எலக்ட்ரீஷியனே போட்டுற மாட்டாரா?

போடுவார், நன்றாகவே போடுவார். எங்கே போடுவது என்பதுதான் விஷயம். அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. ஃபால்ஸ் சீலிங்காரர் தன் டிசைனைப் பார்த்து ஓட்டை போடுவார், ஏ.சி.காரர் டக்டை இழுத்துக்கொண்டு போவார், மிச்சம் இருக்கிற இடத்தில் விளக்கு வரும்.

ஒரு கட்டடத்தில் மீட்டிங் அறை மேஜைக்கு நேர் மேலே ஏ.சி. காற்று வாய், சுவரோரம் சீலிங்கில் பதித்துக் கீழ்நோக்கி எரியும் டவுன்லைட் நான்கு. மேஜைமேல் விரித்த பேப்பரில் அவரவர் தலை நிழல் விழுந்தது. விளக்குக்கு ஆன செலவு அப்படியே இருந்திருக்கும், இரண்டு அடி தள்ளி யோசித்திருந்தால் போதும். பிளானில் மேஜை, நாற்காலி வரைந்த அன்றே விளக்கையும் குறிக்க வேண்டும். கான்க்ரீட் போடும் முன்பே பைப் போக வேண்டிய வழி தெரிந்திருந்தால், பின்னால் சுவரைக் கொத்த வேண்டியதில்லை.

ஸ்கொயர் ஃபீட்டுக்கு எத்தனை வாட் போடணும்?

வாட் என்பது விளக்கு குடிக்கிற கரண்ட். அது கொடுக்கிற வெளிச்சத்தை லுமன் என்று அளக்கிறோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லுமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். குண்டு பல்பு காலத்தில் 60 வாட் என்றால் எவ்வளவு வெளிச்சம் என்று எல்லோருக்கும் தெரியும். எல்.இ.டி.யில் ஒரே வாட்டுக்கு ஒரு கம்பெனி 80 லுமன் தரும், இன்னொன்று 130 தரும். அதனால் வாட்டை வைத்துப் பேசுவது, வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்டால் டேங்க் அளவைச் சொல்வது மாதிரி.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 3646, பொதுவான அலுவலக வேலைக்கு 300, 500, 750 என்று மூன்று படி லக்ஸ் சொல்கிறது. நடுவில் இருப்பது வழக்கமான அளவு, மற்ற இரண்டும் வேலைக்கும் ஆளுக்கும் தகுந்தபடி. நடைவழிக்கு 100 லக்ஸ், படிக்கட்டுக்கு 150 போதும். எல்லோரும் கம்ப்யூட்டர் திரையையே பார்க்கும் ஹாலுக்கு நான் 400 வைத்துக்கொள்வேன். பேப்பர், ஃபைல் புரட்டுகிற கணக்குப் பிரிவுக்கு 500. நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் நிறைய இருக்கும் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாகவே வேண்டும்.

அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுத்தான் காட்டுங்களேன்.

40க்கு 50 அடி ஹால், 2000 சதுர அடி. மீட்டரில் சுமார் 186 சதுர மீட்டர். 400 லக்ஸ் வேண்டுமென்றால் 186 × 400 = 74,400 லுமன் மேஜை மட்டத்தில் விழ வேண்டும். 36 வாட்டில் 4000 லுமன் தரும் 2க்கு 2 அடி பேனல் வாங்குகிறோம் என்று வையுங்கள். அந்த 4000மும் மேஜைக்கு வராது. சுவரும் சீலிங்கும் தின்றது போக ஏறக்குறைய 60 சதவீதம் வரும். அப்புறம் தூசியும் வயசும் இருக்கின்றன, அதற்காக 0.8. ஆக, ஒரு பேனலுக்குக் கைக்கு வருவது 4000 × 0.6 × 0.8 = 1920 லுமன். 74,400ஐ இதால் வகுத்தால் 38.75, கிட்டத்தட்ட 39 வருகிறது. 40 பேனல், ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டு.

கிரிட் சீலிங் டைல் இரண்டு அடி என்பதால் இடைவெளியும் இரண்டின் மடங்காகத்தான் அமையும். வரிசைக்கு வரிசை 8 அடி, வரிசைக்குள் 6 அடி. ஒன்பது அடி உயர சீலிங்குக்கு இதற்கு மேல் தள்ளி வைத்தால் நடுவில் திட்டுத் திட்டாக இருட்டு விழும். திறப்பு விழா அன்று லக்ஸ் மீட்டர் வைத்தால் 500க்கு மேல் காட்டும். தூசி படிந்த பிறகும் 400 நிற்க வேண்டும் என்றுதான் அந்த 0.8. நம் ஊர்த் தூசிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது துடைத்தால்தான் அதுவும் செல்லும்.

நீங்க சொன்ன லக்ஸ் மீட்டர்ல சரியா இருக்கு. ஆனா ஹால் என்னமோ இருட்டா தெரியுதே?

இதைக் கேட்காத ஆள் இல்லை. கேட்டதும் ஹாலுக்குப் போய் நான் முதலில் பார்ப்பது சுவரை. நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால் கண்ணில் படுவது மேஜை இல்லை, எதிர்ச் சுவரும் சீலிங்கும் எதிரே இருப்பவர் முகமும்தான். குழிவான டவுன்லைட் எல்லா வெளிச்சத்தையும் நேராகக் கீழே கொட்டும். மீட்டர் மேஜையில் இருக்கிறது, அதனால் 500 காட்டுகிறது. சுவரின் மேல்பாதி கறுத்துக் கிடக்கிறது. மனசு அதைப் பார்த்துத்தான் ‘இருட்டு’ என்கிறது.

ஆள் என்ன செய்வார்? இன்னும் பத்து டவுன்லைட் சேர்ப்பார். மேஜை இன்னும் பளிச்சென்று ஆகும், சுவர் அதற்கு முன்னால் இன்னும் கறுப்பாகத் தெரியும். சரியான வைத்தியம், சுவருக்கென்று தனி வெளிச்சம் கொடுப்பது. சுவரிலிருந்து இரண்டு இரண்டரை அடி தள்ளி, சுவரை நோக்கிச் சாய்ந்து வீசும் விளக்கு வரிசை ஒன்று. அல்லது தொங்கும் விளக்கில் பாதி வெளிச்சம் மேலே சீலிங்கில் பட்டுத் திரும்பும்படி ஒரு வகை. ஓர் அலுவலகத்தில் ஆறு டவுன்லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, பின்சுவரில் மட்டும் தற்காலிகமாக ஒரு ஸ்ட்ரிப்பை ஒட்டிக் காட்டினேன். மேனேஜர் உள்ளே வந்து, “எக்ஸ்ட்ரா லைட் போட்டீங்களா?” என்றார். உண்மையில் எரிந்த வாட் குறைந்திருந்தது.

பெயின்டும் விளக்கு மாதிரிதான். வெள்ளை சீலிங் விழுகிற வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பித் தரும். இப்போது ஃபால்ஸ் சீலிங்கே இல்லாமல் டக்ட், பைப் எல்லாம் தெரிய முழுக்கக் கறுப்பு அடிப்பது ஒரு மோஸ்தர். காபிக் கடைக்கு அழகு. எட்டு மணி நேரம் உட்காரும் இடத்தில் அதைச் செய்தால், மேலே சொன்ன கணக்கில் 60 சதவீதம் என்பது இறங்கிவிடும், இன்னும் ஏழெட்டு பேனல் கேட்கும். பிறகும் குகைக்குள் இருப்பது போலவே இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வெள்ளையா, மஞ்சளா?

விளக்கின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. பளிச்சென்று தெரிவதால் விற்கிறது. வேலை செய்யும் ஹாலுக்கு 4000 நல்லது. வரவேற்பறை, சாப்பாட்டு அறைக்கு 3000. ஒரே ஹாலில் இரண்டையும் கலக்காதீர்கள். ஃபியூஸ் போன ஒரு பேனலுக்குப் பதில் கையில் கிடைத்த நிறத்தில் வாங்கி மாட்டிய சீலிங், சொத்தைப் பல் மாதிரி தெரியும்.

நிறத்தை உள்ளபடி காட்டும் திறனை சி.ஆர்.ஐ. என்பார்கள். அலுவலகத்துக்கு 80 போதும். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் சாம்பிள் பார்த்து ஒப்புதல் தருகிற அலுவலகம் என்றால் அந்த மேஜைக்கு மட்டும் 90க்கு மேல் வையுங்கள். டான் கலரும் பிரவுனும் மலிவு விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, பிறகு ஏற்றுமதி ஆர்டரில் சண்டை வரும்.

மதியத்துக்கு மேல கண் கூசுது, தலை வலிக்குதுன்னு ஸ்டாஃப் சொல்றாங்க. விளக்கா காரணம்?

இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று கூச்சம். உட்கார்ந்த இடத்திலிருந்து எதிரே பார்க்கும்போது, விளக்கின் எரியும் பகுதி நேராகக் கண்ணில் படுகிறதா? இதற்கு யூ.ஜி.ஆர். என்று ஓர் எண் உண்டு, அலுவலகத்துக்கு அது 19க்கு மேல் போகக்கூடாது. கொட்டேஷனில் கேட்டு வாங்குங்கள். அதோடு அணைந்த திரையைக் கண்ணாடி மாதிரி பாருங்கள். அதில் விளக்கோ ஜன்னலோ தெரிந்தால் மேஜையைத் திருப்ப வேண்டும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், முகத்துக்கு எதிரேயும் வேண்டாம்.

இன்னொன்று நடுக்கம். நம் கரண்ட் வினாடிக்கு 50 சுற்று என்பதால், மட்டமான டிரைவர் (கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) உள்ள விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, தலைக்குத் தெரியும். ஒரு பென்சிலை விளக்கடியில் வேகமாக ஆட்டுங்கள். நிழல் ஒரே வீச்சாகத் தெரிந்தால் பரவாயில்லை, நாலைந்து பென்சில் தனித்தனியாகத் தெரிந்தால் அந்த விளக்கைத் திருப்பிக் கொடுங்கள். செல்போன் கேமராவில் பட்டை பட்டையாக ஓடினாலும் அதே முடிவுதான். நான் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் பென்சில் எப்போதும் இருக்கும்.

ஜன்னல் நிறைய வச்சிருக்கோம். பகல்ல லைட்டே தேவைப்படாதுல்ல?

ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு இரண்டரை மடங்கு தூரத்துக்குத்தான் பகல் வெளிச்சம் உள்ளே உதவும். ஏழு அடி உயர ஜன்னலுக்கு 15 அடி, மிஞ்சினால் 17. நம் 40 அடி ஹாலில் நடுப்பகுதிக்கு விளக்கு வேண்டும். ஆனால் ஜன்னலோர வரிசைகளை அணைக்க முடிய வேண்டுமே! முக்கால்வாசி இடங்களில் சுவிட்ச் வரிசை ஜன்னலுக்குக் குறுக்கே போகிறது. ஒன்றை அணைத்தால் ஓரமும் நடுவும் சேர்ந்து அணைகின்றன, அதனால் யாரும் அணைப்பதில்லை. ஜன்னலுக்கு இணையாக வரிசைக்கு ஒரு சுவிட்ச் என்று வயரிங்கிலேயே பிரித்துவிட்டால் தனிச் செலவு மிகக் குறைவு.

வேலூருக்கு வெயிலூர் என்று சும்மா பெயர் வரவில்லை. வெளியே நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ், நாம் உள்ளே கேட்பது 400. அதனால் கூச்சம் பொறுக்காமல் திரையை இழுத்து மூடிவிட்டு, உள்ளே எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதுதான் நடைமுறை.

வடக்குப் பக்கம் கண்ணாடி வச்சா வெயிலே வராதுன்னு ஆர்க்கிடெக்ட் சொல்றாரே?

வட இந்தியாவுக்கு எழுதிய பாடம் அது. நாம் 13 டிகிரி அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறோம். சித்திரை பத்து, பதினொன்று தேதிவாக்கில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதிலிருந்து ஆடி முடியும்வரை சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. நடுப்பகலில் கொஞ்சம்தான் சாய்வு, சின்ன சன்ஷேடு தடுத்துவிடும். காலையும் மாலையும் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து தாழ்வாக வரும் வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. அதற்கு நிற்கும் பலகைகள், அதாவது செங்குத்துத் தடுப்பு வேண்டும்.

தெற்கு உண்மையில் நாம் நினைப்பதைவிட எளிது. மார்கழியிலும் நடுப்பகல் சூரியன் 54 டிகிரி உயரத்தில் நிற்கும். நான்கடி ஜன்னலுக்கு மூன்றடி சன்ஷேடு இருந்தால் அந்த நேரத்து வெயில் நின்றுவிடும். மேற்கைத்தான் எதைக்கொண்டும் சமாளிக்க முடியாது. படிக்கட்டு, லிஃப்ட், டாய்லெட் எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

மேல்மாடி லைட் மட்டும் ஏன் சீக்கிரம் போகுது? எல்லாம் ஒரே பெட்டில வாங்கினதுதான்.

சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்கு ஏணி போட்டு, மொட்டைமாடிக்கு அடியில் உள்ள ஒரு சீலிங் டைலைத் தூக்கிக் கையை உள்ளே விடுங்கள். மூடி வைத்த அடுப்பைத் திறந்தது மாதிரி முகத்தில் அனல் அடிக்கும். கீழே ஏ.சி. 24 டிகிரி காட்டும். டிரைவர் உட்கார்ந்திருப்பது மேலே. எல்.இ.டி. சில்லு அவ்வளவு சீக்கிரம் சாகாது, டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்தான் சாகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் ஒரு மனக்கணக்கு.

நான் கழற்றிப் பார்த்த டிரைவர்களில் கெப்பாசிட்டரின் தலை பூரி மாதிரி உப்பியிருக்கும், ஓரத்தில் பழுப்பாகக் கசிவு. ஆகவே மேல்மாடிக்கு, தாங்கும் வெப்பம் அதிகம் என்று எழுதியுள்ள, தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய டிரைவர் வாங்குங்கள். மொட்டைமாடியில் வெள்ளை கூலிங் டைல் பதித்தால் ஏ.சி. பில்லோடு விளக்குச் செலவும் குறையும்.

சென்சார், டாலி எல்லாம் வேணுமா, இல்ல ஆடம்பரமா?

மீட்டிங் அறை, ஸ்டோர், டாய்லெட்டுக்குச் சென்சார் கண்டிப்பாக வையுங்கள். டாய்லெட்டில் கதவை மட்டும் பார்க்கும்படி வைக்காதீர்கள். உள்ளே உட்கார்ந்தவர் இருட்டில் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

டாலி என்பது ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு முகவரி கொடுத்து இரண்டு கம்பியில் கட்டுப்படுத்தும் முறை, ஒரு லைனில் 64 விளக்கு வரை. நாளைக்குத் தடுப்புச் சுவரை மாற்றினால் வயரை மாற்றாமல் சாஃப்ட்வேரிலேயே வரிசையைப் பிரிக்கலாம். வாடகைக்கு விடும் பெரிய மாடிகளுக்கு லாபம். சொந்த உபயோகத்துக்கு இரண்டு மாடி என்றால், ஜன்னல் பற்றிய பதிலில் சொன்ன சுவிட்ச் பிரிப்பே போதும். பாஸ்வேர்டு தெரிந்த ஆள் வேலையை விட்டுப் போனதும் ‘முழு வெளிச்சம்’ என்ற ஒரே நிலையில் நின்றுபோன டாலியை நான் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கே, எமர்ஜென்சி லைட் எதுக்கு?

ஜெனரேட்டர் எடுக்கும்வரை உள்ள சில வினாடிகளில் ஒருவர் படிக்கட்டில் இருக்கலாம். தீ விபத்தில் ஜெனரேட்டரும் சேர்ந்தே நிற்கலாம். படிக்கட்டு, நடைவழி, வெளியேறும் கதவு, இந்த மூன்றிலும் பேட்டரியோடு கூடிய விளக்கு ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும். மாதம் ஒரு முறை மெயினை அணைத்துப் பாருங்கள். மாட்டியதோடு மறந்துபோன பேட்டரி, தேவைப்படும் நாளில் எரியாது.

ராத்திரி எலிவேஷன் ஜொலிக்கணும். கலர் மாறுற லைட் போடலாமா?

முதலில் முகப்பு என்ன பொருள் என்று சொல்லுங்கள். கண்ணாடிக்கு வெளியிலிருந்து விளக்கு அடித்துப் பயனில்லை. வெளிச்சம் உள்ளே போய்விடும், அல்லது கண்ணாடியில் பட்டு எதிரே ரோட்டில் போகிறவர் கண்ணில் விழும். கண்ணாடிக் கட்டடத்தை உள்ளிருந்துதான் காட்ட வேண்டும். ஒவ்வொரு மாடியின் சீலிங் ஓரத்தையும் மெல்லிய வெளிச்சத்தில் விட்டால் போதும். பளபளக்கும் ஏ.சி.பி. ஷீட்டில், அதாவது முகப்பில் ஒட்டும் அலுமினியத் தகட்டில், ஒளி பரவாது, விளக்குகளின் பிம்பம் புள்ளி புள்ளியாகத் தெரியும். கல், சொரசொரப்பான பூச்சு, செங்கல், இவைதான் விளக்குக்கு ஏற்றவை.

கல்லுக்கு எப்படி அடிப்பது என்பதைக் கற்றுக்கொள்ள நம் கோட்டையே போதும். காலை ஏழு மணிக்குக் கிழக்கு மதிலைப் பாருங்கள், வெயில் நேரே முகத்தில் அடித்து எல்லாம் தட்டையாக, ஒரே நிறமாக இருக்கும். பதினோரு மணிக்கு மறுபடி போங்கள். வெயில் மேலிருந்து மதிலை உரசிக்கொண்டு இறங்கும். அப்போது ஒவ்வொரு கல்லின் விளிம்பும் நிழல் கட்டித் தனியாக எழுந்து நிற்கும். முகப்பிலும் அதேதான், சுவரிலிருந்து அரை அடி, முக்கால் அடிக்குள் விளக்கை வைத்து உரசவிட்டால் கல் பேசும். ஆனால் பூச்சில் மேடுபள்ளம் இருந்தால் அதையும் காட்டிக்கொடுத்துவிடும், அங்கே மூன்று நாலு அடி தள்ளி வைத்துச் சமமாக நனையவிடுங்கள். வெளி விளக்கு, தூசியும் தண்ணீரும் புகாத அளவைச் சொல்லும் ஐ.பி. எண் 65க்குக் குறையாமல், இடி மின்னல் தாக்கத்துக்கான சர்ஜ் தடுப்போடு இருக்கட்டும்.

கலர் மாறுவதைப் பொறுத்தவரை, சுதந்திர தினத்துக்கும் பொங்கலுக்கும் போடுங்கள். தினமும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், கல்யாண மண்டபம் எது, ஆபீஸ் எது என்று தெரியாமல் போகிறது.

மழைக்காலத்துல ஈசல் வந்து மொய்க்குது. காலைல வாசல் முழுக்க ரெக்கை.

பூச்சியை அதிகம் இழுப்பது நீலம் கலந்த வெள்ளை. வாசல் விளக்கை 2700 அல்லது 3000க்கு மாற்றினாலே நன்றாகக் குறையும். அதோடு கண்ணாடிக் கதவுக்கு நேர் மேலே பளீர் விளக்கு வேண்டாம். பத்திருபது அடி தள்ளி காம்பவுண்ட் பக்கம் ஒரு கம்பத்தில் வையுங்கள், அவை அங்கே போய்விடும். ஃபிட்டிங்கின் கண்ணாடிக்குள் ரெக்கையும் பல்லி எச்சமும் தெரிந்தால் அதன் ரப்பர் வாஷர் போய்விட்டது, அடுத்து தண்ணீர் போகும்.

ராத்திரி முழுக்க எரியட்டுமே, விளம்பரம்தானே? கரண்ட் பில் நான்தானே கட்டுறேன்?

பில் உங்களுடையது, வானம் எல்லோருக்கும். ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, பழைய வட ஆற்காட்டு மண்தான். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள். மலையில் இருட்டு இருந்ததால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றியுள்ள ஊர்கள் மேல்நோக்கி விடும் வெளிச்சமெல்லாம் சேர்ந்து அந்த இருட்டைக் கரைக்கிறது.

ஆகவே முடிந்தவரை மேலிருந்து கீழே அடியுங்கள். கீழிருந்து அடித்தால் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளிச்சம் வானத்துக்குப் போகாதபடி கோணத்தைக் குறுக்குங்கள். பத்து, பத்தரை மணிக்கு டைமர் வைத்து அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் அந்த ரோட்டில் போவது லாரிதான், டிரைவர் உங்கள் அலுவலகத்தைப் பார்க்க வேண்டாம், ரோட்டைப் பார்க்கட்டும்.

விளக்குக்குச் சட்டம், கிட்டம் ஏதாவது உண்டா?

100 கிலோவாட் இணைப்புச் சுமை, அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை, அதற்கு மேல் உள்ள வணிகக் கட்டடங்களுக்கென்று மத்திய அரசின் எரிசக்தி சேமிப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. அதன் 2017 பதிப்பில் அலுவலகத்துக்கு விளக்கு வரம்பு சதுர மீட்டருக்கு 9.5 வாட். மேலே போட்ட ஹாலைப் பாருங்கள், 40 பேனல் × 36 வாட் = 1440, அதை 186ஆல் வகுத்தால் 7.7. தாராளமாக உள்ளே வருகிறது. விளக்கு குடிக்கும் வாட் அத்தனையும் கடைசியில் வெப்பம்தான், அதை ஏ.சி. வெளியேற்ற வேண்டும். அதனால் இங்கே மிச்சம் பிடிப்பது இரண்டு இடத்தில் மிச்சம்.

மூணு கொட்டேஷன் வந்திருக்கு, பாதிக்குப் பாதி வித்தியாசம். எதை எடுக்கிறது?

மூன்றிலும் ‘36 வாட் பேனல், 40’ என்றுதான் எழுதியிருக்கும். லுமன், யூ.ஜி.ஆர்., டிரைவர் யாருடையது, பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண், ஐந்து வருடம் கழித்து டிரைவர் மட்டும் தனியே கிடைக்குமா, இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பாதிப் பேர் பதில் அனுப்ப மாட்டார்கள், தேர்வு எளிதாகிவிடும். மிச்சமுள்ளவரிடம் நான்கு பேனல் சாம்பிள் வாங்கி, உங்கள் ஹாலிலேயே ஒரு மூலையில் மாட்டி, இருட்டிய பிறகு பாருங்கள். பென்சிலை மறக்காதீர்கள்.

கட்டடம் முடிஞ்சிருச்சு, சீலிங்கும் மூடியாச்சு. இதையெல்லாம் இப்ப படிச்சு என்ன பண்றது?

இப்படிக் கேட்பவர்கள்தான் அதிகம். சீலிங்கைத் தொடாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. முதலில் ஓர் இரவு எல்லா விளக்கையும் போட்டு, ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். எங்கே கூசுகிறது, எங்கே நிழல், எந்தச் சுவர் கறுப்பு என்று சாக்பீஸால் தரையிலேயே குறியுங்கள். கூசுகிற இடத்தில் மேஜையைத் திருப்புங்கள். சுவர் கறுப்பாக இருக்கும் பக்கம், ஃபைல் அலமாரி தலைக்குமேல் ஒரு ஸ்ட்ரிப் லைட்டை மறைவாக வைத்தால் சீலிங்கும் சுவரும் சேர்ந்து வெளுக்கும். அதற்கு ஒரு பிளக் பாயின்ட் போதும். பேப்பர் வேலை செய்பவருக்கு மேஜை விளக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தலைக்கு மேலிருக்கும் இரண்டு பேனலைக் கழற்றி ஸ்பேராக வையுங்கள். அதே பெட்டியில் வந்த, அதே நிறமுள்ள ஸ்பேர் பிறகு கடையில் கிடைக்காது.